கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: அறிவியல், பொறியியல் மாணவர்களின் உதவித்தொகைக் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் கணிதப் பயிற்சி மையத்தில் வாரத்தில் மூன்று நாள் உட்காருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக முடிவுகள் வரும் வசந்த காலத்தில் தமிழ்ப் பெற்றோர் சிலர் போன் செய்வார்கள். "அக்கா, பையனுக்குக் கேட்ட இடம் கிடைக்கல. கம்யூனிட்டி காலேஜ்தான் போல." துக்கம் சொல்கிற குரலில் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடத்தில் கட்டணம், ஸ்காலர்ஷிப், விசா என்று கேள்விகள் வரிசை கட்டும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் கலிஃபோர்னியாவைப் பற்றித்தான். மற்ற மாநிலங்களுக்கு ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

கம்யூனிட்டி காலேஜ் என்பது நம் ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?

பாதி சரி. டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்வார் இல்லையா, அந்தப் பின்கதவு போன்றதுதான் இதுவும். ஆனால் இங்கே கதவு மூன்றாம் ஆண்டில் திறக்கிறது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை, அதாவது கால்குலஸ், இயற்பியல், வேதியியல், புரோகிராமிங் எல்லாவற்றையும் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, மீதி இரண்டு ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் போகலாம். இதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். தமிழ்நாட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 1960இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டமே இந்த வழியை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. அதனால் இது தோற்றவர்கள் போகிற சந்து இல்லை. ஊர் போட்டுவைத்த ரோடு.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

பாடங்களை 'யூனிட்' என்ற அளவில் கணக்கிடுவார்கள். மாநிலவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டும். விடுதி, சாப்பாடு தனி. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அந்த 46 டாலரும் தள்ளுபடி ஆகும். அதற்கான மனு ஒரு சின்னப் படிவம்தான்.

வீட்டிலிருந்தே போய்வருகிற பிள்ளைக்கு வாடகையும் மிச்சம். ஆனால் புத்தகமும் பார்க்கிங்கும் பெட்ரோலும் நாம் நினைப்பதைவிட அதிகம் இழுக்கும்.

கடைசியில் பட்டச் சான்றிதழில் "டிரான்ஸ்ஃபர்" என்று போடுவார்களா?

போடமாட்டார்கள். நான்கு வருடமும் அங்கேயே படித்தவருக்குத் தருகிற அதே பட்டம்தான். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் கணிதமும் அறிவியலும் படித்துவிட்டுத்தான் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போனார். மனித மரபணுத் தொகுப்பை வாசித்த கிரெய்க் வென்டர், சான் மட்டேயோ காலேஜிலிருந்து யூ.சி. சான் டியேகோ போனவர். சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ள இந்த இரண்டு பெயர் போதும்.

அப்படியென்றால் எல்லோரும் இப்படியே போகலாமே?

போகலாம், ஆனால் எல்லோரும் போய்ச் சேருவதில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் கால் வைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டம் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். மீதிப் பேர் எல்லாம் படிப்பில் மந்தம் என்று நினைக்காதீர்கள். வேலை, குடும்பம், பணம், அப்புறம் தவறான வரிசையில் எடுத்த பாடங்கள். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஸ்காலர்ஷிப் கைநழுவுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

பாட வரிசைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் தருகிறவர்கள், "இந்த மாணவர் அடுத்த செப்டம்பரில் மூன்றாம் ஆண்டில் உட்காரத் தயாரா?" என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மதிப்பெண் சராசரி நான்குக்கு 4.0 இருந்தும் மூன்றாவது இயற்பியல் பாடம் பாக்கி இருந்தால் பல பொறியியல் துறைகளில் இடமே கிடைக்காது. இடம் கிடைக்காதவருக்கு ஸ்காலர்ஷிப்பை எங்கே கொடுப்பது?

பொறியியல் மாணவரின் நான்கு செமஸ்டரை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1. அது முடிந்தால்தான் இயக்கவியல் இயற்பியலுக்குள் விடுவார்கள். ஆகவே இரண்டாம் செமஸ்டரில் கால்குலஸ் 2, இயற்பியல் 1. மூன்றாவதில் கால்குலஸ் 3, மின்காந்தவியல். நான்காவதில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் மூன்றாவது இயற்பியலும். நடுநடுவே வேதியியல், சி++ அல்லது மேட்லேப், துறைக்கேற்ப ஸ்டாடிக்ஸ், சர்க்யூட்ஸ். இதில் எந்தக் கண்ணியையும் முன்பின் மாற்ற முடியாது.

சின்னக் காலேஜ்களில் ஸ்டாடிக்ஸ், சர்க்யூட்ஸ் போன்றவை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கும். பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால், பாடம் நிரம்பிவிடும். ஒரு காலைத் தூக்கம் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். இதை நான் மிகைப்படுத்தவில்லை. மையத்துக்கு வருகிறவர்களில் "சர்க்யூட்ஸுக்காக ஒரு வருஷம் காத்திருக்கேன்" என்று சொல்பவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

ப்ரீகால்குலஸிலிருந்து ஆரம்பித்தால்?

இரண்டு வருடம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள், இரண்டரை அல்லது மூன்று ஆகும். 2022இல் வந்த ஏ.பி. 1705 சட்டத்துக்குப் பிறகு, அறிவியல், பொறியியல் மாணவர்களைக் கலிஃபோர்னியக் காலேஜ்கள் கூடியவரை நேராகக் கால்குலஸிலேயே சேர்க்கின்றன. கூடவே ஒரு துணைப் பாடம் வைப்பார்கள். அந்தத் துணைப் பாடத்தை "யூனிட் வீண்" என்று தவிர்க்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வீண் இல்லை, எடுங்கள். கால்குலஸ் 1இல் தடுமாறுகிற பலருக்கு அடி விழுவது கால்குலஸில் இல்லை. பின்னத்திலும் முக்கோணவியலிலும்தான்.

எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கலிஃபோர்னியாவில் அதற்கென்றே 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. உங்கள் காலேஜ், போகவேண்டிய பல்கலைக்கழகம், துறை மூன்றையும் கொடுத்தால், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று இடது வலதாகப் பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலைப் பிடிஎஃப் ஆக எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். வருடா வருடம் மாறும்.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியே ஆகவேண்டும். "பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும்" என்பதும் "உங்கள் துறைக்கு ஏற்றுக்கொள்ளும்" என்பதும் வேறு வேறு. காலேஜ்களில் இயற்பியல் பெரும்பாலும் இரண்டு வரிசையாக நடக்கும். ஒன்று உயிரியல் மாணவர்களுக்கானது, அதற்கு இயற்கணிதம் போதும். இன்னொன்று கால்குலஸ் வைத்து நடத்துவது. இரண்டுக்கும் யூனிட் உண்டு, இரண்டும் டிரான்ஸ்ஃபர் ஆகும். ஆனால் பொறியியலுக்கு இரண்டாவதுதான் செல்லும்.

என்னிடம் வந்த ஒரு பையன், வேலை நேரத்துக்கு ஒத்துவந்தது என்று முதல் வரிசையை இரண்டு செமஸ்டர் படித்து இரண்டிலும் 'ஏ' வாங்கியிருந்தான். காலேஜின் பாட ஆலோசகரான கவுன்சிலரிடம் கேட்டுத்தான் எடுத்தானாம். கவுன்சிலர், "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்றாராம். அவர் சொன்னதும் பொய் இல்லை. இவன் "மெக்கானிகல் எஞ்சினியரிங்குக்கு ஆகுமா?" என்று கேட்கவில்லை, அவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அசிஸ்ட் பட்டியலைப் பார்த்தவன், இயற்பியல் வரியில் விரலை வைத்தபடி எடுக்கவே இல்லை.

நாடு தழுவிய கணக்கு ஒன்றும் உண்டு. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017இல் தந்த அறிக்கைப்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத யூனிட்டுகளை இழந்தார்கள். எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த எண் அது. ஒழுங்கான ஒப்பந்தம் உள்ள பாதையில் இழப்பு குறைவு.

பொதுப்பாடங்களை முதலில் முடித்துவிடலாமா?

பொறியியலுக்கு வேண்டாம். வரலாறு, கலை, தொடர்பியல் எல்லாவற்றையும் முதல் வருடத்தில் முடித்துவிட்டுக் கணிதத்தைத் தள்ளிப்போடுவது, தாலி கட்டாமல் பந்தி போடுவது மாதிரி. பல யூ.சி. பொறியியல் துறைகள் துறைப்பாடங்களைத்தான் முதலில் முடிக்கச் சொல்கின்றன. பொதுப்பாடத்தில் மிச்சம் இருந்தால் அங்கே போய் முடித்துக்கொள்ளலாம்.

சரி, ஸ்காலர்ஷிப்புக்கு வருவோம். எது பெரியது?

அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்றே உள்ளதில் முக்கியமானது 'எஸ்-ஸ்டெம்'. தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., பணம் தருகிறது. ஆனால் நீங்கள் என்.எஸ்.எஃப்.புக்கு விண்ணப்பிக்க முடியாது. அறக்கட்டளை காலேஜுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சில ஆண்டுகளுக்கான ஒரு திட்டமாகப் பணத்தைக் கொடுக்கும். காலேஜ் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். இது தெரியாமல் என்.எஸ்.எஃப். தளத்தில் படிவம் தேடித் தேடிச் சலித்தவர்கள் நிறைய.

அண்மைய விதிப்படி இளநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை கொடுக்கலாம். "வரை" என்பதைக் கவனியுங்கள். படிப்புச் செலவில் மற்ற உதவிகள் போகத் துண்டு விழுகிற தொகைக்கு மேல் தரமாட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பமாகவும், படிப்பில் நம்பிக்கை தருகிறவராகவும் இருக்கவேண்டும். கணிதம், கணினி, பொறியியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், புவி அறிவியல் துறைகள் எல்லாம் உண்டு. நர்சிங், மருத்துவம், வணிகம் கிடையாது.

எனக்கு இதில் பிடித்தது பணத்தைவிட அதோடு வருகிற ஏற்பாடு. தேர்வானவர்களை ஒரு குழுவாகவே கொண்டுபோவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பேராசிரியர் வழிகாட்டி உண்டு. சில திட்டங்களைக் கம்யூனிட்டி காலேஜும் பக்கத்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும். அப்படி இருந்தால் மாணவர் அங்கே போனபிறகும் உதவி தொடரலாம். அதனால் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: நம் காலேஜில் எஸ்-ஸ்டெம் இருக்கிறதா? போகப்போகிற பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா? இரண்டும் ஒரே திட்டமா? நான்காவதாக, "திட்டம் எந்த ஆண்டு முடிகிறது?" என்பதையும் கேளுங்கள். 2025இல் என்.எஸ்.எஃப். பல மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. பழைய போஸ்டர் சுவரில் ஒட்டியபடி இருக்கும், திட்டம் முடிந்திருக்கும்.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். பிள்ளைக்கு அதைச் சார்ந்த எச்-4. எஸ்-ஸ்டெம் கிடைக்குமா?

கிடைக்காது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகளாக அனுமதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு மட்டும்தான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எஸ்-ஸ்டெம் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எச்-1பி மனுவிலிருந்து. 1998இல் போட்ட ஒரு சட்டம், எச்-1பி ஊழியரை எடுக்கும் நிறுவனத்திடம் தனிக் கட்டணம் வசூலிக்கச் சொன்னது. 2004இல் இருந்து 26 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அது 1,500 டாலர், அதற்குக் குறைந்தால் 750. அதில் 30 சதவீதம் இந்த உதவித்தொகைக்குப் போகிறது. ஆக, ஃப்ரீமான்டிலோ சன்னிவேலிலோ இருக்கிற ஒரு தமிழ் அப்பாவின் பெயரில் நிறுவனம் கட்டிய 1,500 டாலரில் 450 டாலர் யாரோ ஒரு மாணவரின் படிப்புக்கு உதவுகிறது. அவர் மகள் எச்-4இல் இருந்தால் அவளுக்கு அந்தப் பணம் கிடையாது. அமெரிக்க மாணவர்களைத் தயார்செய்தால் வெளிநாட்டு ஊழியரின் தேவை குறையும் என்பது சட்டத்தின் வாதம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அந்த அப்பாவிடம் இதை விளக்கும்போது எனக்குக் குரல் கம்மிவிடுகிறது.

பிள்ளை இங்கே பிறந்து, பெற்றோர் மட்டும் எச்-1பி என்றால் கதையே வேறு. பிள்ளை குடிமகன். மத்திய அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம், எஸ்-ஸ்டெமும் கேட்கலாம். பெற்றோரின் விசா தடையில்லை. வருமானம்தான் தடையாக நிற்கும்.

எச்-4 பிள்ளைக்கு வேறு எதுவும் இல்லையா?

உண்டு. கலிஃபோர்னியாவில் எச்-4 உள்ளவர் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவுசெய்தால் மாநிலவாசிக் கட்டணம் பெறலாம். மாணவர் விசாவான எஃப்-1க்கு அது கிடையாது. யூ.சி.யில் வெளியாளுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல். இந்த ஒரு தகுதியைக் காப்பாற்றிக்கொள்வது எந்த ஸ்காலர்ஷிப்பையும்விடப் பெரிய தொகை.

சிக்கல் 21 வயதில் வரும். அன்றோடு எச்-4 முடிகிறது. பலர் எஃப்-1க்கு மாறுகிறார்கள். மாறினால் மாநிலவாசிக் கட்டணமும் கேள்விக்குள்ளாகலாம். கம்யூனிட்டி காலேஜ் வழியில் இரண்டு வருடம் மூன்றாக நீண்டால், 21ஆம் பிறந்தநாள் சரியாக டிரான்ஸ்ஃபர் நேரத்தில் வந்து நிற்கும். பாட வரிசை பற்றி நான் இவ்வளவு நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பத்தொன்பது வயதிலேயே குடிவரவு வழக்கறிஞரையும் பல்கலைக்கழகத்தின் குடியிருப்புத் தகுதி அலுவலகத்தையும் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள்.

ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்பில் குடியுரிமை நிபந்தனை இல்லை. ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருவார்கள். எந்தத் துறையானாலும் சரி. மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. நல்ல உயரத்தில் இருக்கவேண்டும், பணத் தேவையும் இருக்கவேண்டும். நாடு முழுவதிலிருந்தும் போட்டி, தேர்வாகிறவர்கள் சில டஜன் பேர். லாட்டரி என்று நினைத்து விட்டுவிடாமல், அதற்காக எழுதும் கட்டுரையை மற்ற விண்ணப்பங்களுக்கும் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இந்த வருடம் வேலை போய்விட்டது. ஃபாஃப்சா பழைய சம்பளத்தைத்தானே பார்க்கும்?

ஆமாம், அது முந்தைய ஆண்டுகளின் வரிக்கணக்கைத்தான் எடுக்கும். 2026-27 கல்வியாண்டுக்கு 2024 வருமானம். ஆனால் நிதியுதவி அலுவலகத்துக்கு அதை மாற்றிக் கணக்கிடும் அதிகாரம் உண்டு. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாப்படி விவரம் இவற்றோடு எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். நம்மவர்கள் இங்கேதான் கூச்சப்பட்டு நிற்கிறார்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தருகிற, திருப்பிக் கட்டவேண்டாத பெல் கிராண்ட் பற்றி ஒரு வரி. அதிகபட்சம் ஆண்டுக்கு 7,395 டாலர், வாழ்நாளில் 12 முழுநேரச் செமஸ்டருக்கு மட்டும். கம்யூனிட்டி காலேஜில் எட்டு செமஸ்டர் சுற்றினால் பல்கலைக்கழகத்துக்கு நான்குதான் மிச்சம்.

ஸ்காலர்ஷிப் வந்தால் பல்கலைக்கழகம் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளுமாமே?

பல இடங்களில் அப்படி நடந்ததுதான். வெளியிலிருந்து 5,000 வந்தால், உள்ளே 5,000 குறையும். கலிஃபோர்னியா ஏ.பி. 288 என்ற சட்டம் போட்டு, பெல் கிராண்ட் பெறத் தகுதியுள்ளவர்கள், குடிவரவு ஆவணம் இல்லாத மாணவர்களுக்கான மாநில ட்ரீம் ஆக்ட் உதவிக்குத் தகுதியுள்ளவர்கள் விஷயத்தில் 2023-24 முதல் இதற்குக் கட்டுப்பாடு வைத்தது. மொத்த உதவி படிப்புச் செலவைத் தாண்டினால் மட்டும் குறைக்கலாம். வரியையும் மறக்கவேண்டாம். ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகிற பகுதிக்கு வருமான வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதி வரிக்குரிய வருமானம்.

டிரான்ஸ்ஃபர் மாணவருக்குச் சில யூ.சி. வளாகங்கள் தருகிற 'டேக்' என்கிறார்களே, அது இடத்துக்கு உத்தரவாதமா?

நிபந்தனையோடு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியேகோவும் தருவதில்லை. ஒரு வளாகத்தில் மட்டும்தான் போடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற நெரிசல் துறைகளைப் பல வளாகங்கள் இதிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. டேக் இருந்தாலும் மற்ற வளாகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தேதிகள்?

டேக் மனு செப்டம்பர் மாதம் முழுவதும். யூ.சி. விண்ணப்பம் அக்டோபர், நவம்பர். ஜனவரியில் இலையுதிர் காலத்து மதிப்பெண்களைத் திருத்திச் சேர்க்க ஒரு படிவம் வரும், அதை விட்டுவிட்டு இடம் இழந்தவர்கள் உண்டு. மாநில நிதியுதவிக்கு மார்ச் 2 முக்கியம். சேருவதாகச் சொல்லக் கடைசி நாள் ஜூன் 1.

கட்டுரையில் கஷ்டத்தை எழுதவேண்டுமா?

கஷ்டப்பட்டிருந்தால் எழுதலாம். நம் பிள்ளைகள் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, இல்லாத கஷ்டத்தைத் தேடுவது. இன்னொன்று, "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பிப்பது. யூ.சி. டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் நான்கு கேள்விக்குத் தலா 350 வார்த்தை. அதில் கட்டாயக் கேள்வியே "இந்தத் துறைக்கு எப்படித் தயாரானீர்கள்" என்பதுதான். ஒரு மாணவி, தான் வேலை பார்த்த டயர் கடையில் காற்றழுத்த மீட்டர் காலையிலும் மாலையிலும் வேறு வேறு எண் காட்டியதையும், வேதியியல் வகுப்பில் வாயு விதி வந்த நாளில் அது புரிந்ததையும் எழுதியிருந்தாள். அப்பா நோயாளி என்பது அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அவள் ஏன் டயர் கடைக்கு வேலைக்குப் போனாள் என்பதற்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

எஸ்-ஸ்டெம்முக்கும் குக் போன்றவற்றுக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். 'ஏ' வாங்கினாலும் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாவிட்டால் கடிதம் மூன்று வரிதான் வரும். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்குகிற ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும், வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கை இன்னொரு வழியில் போட்டுக் காட்டப் போங்கள்.

ஒரு 'சி', பாடத்திலிருந்து விலகியதற்கு ஒரு 'டபிள்யூ' விழுந்துவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லை. ஆனால் 'சி' வாங்கிய பாடத்தை மறுபடி எடுக்க முடியாது. 'டி', 'எஃப்' வாங்கினால்தான் முடியும். 'சி' வரும் என்று தெரிந்தால் காலக்கெடுவுக்குள் விலகுவதா, தொடர்வதா என்று முன்பே யோசியுங்கள். விலகினால் அந்த 'டபிள்யூ' நிதியுதவிக் கணக்கில் உதைக்கலாம், சங்கிலியும் ஒரு செமஸ்டர் தள்ளும். கால்குலஸ் 2இல் ஒரு 'சி'யும் அதற்கப்புறம் எல்லாவற்றிலும் 'ஏ', 'பி'யும் இருந்தால் நான் தொடரத்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகம் போனதும் மதிப்பெண் சரியும் என்கிறார்களே?

சரியும். ஆராய்ச்சியாளர்கள் 1960களிலேயே இதற்கு 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணங்கள் எளியவை. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் செமஸ்டர், பதினாறு வாரமோ அதற்குச் சற்று மேலோ. பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூ.சி. இளநிலை வளாகங்களில் குவார்ட்டர், பத்து வாரம். மூன்றாவது வாரத்திலேயே மிட்டெர்ம் வந்துவிடும். முப்பத்தைந்து பேர் வகுப்பிலிருந்து முந்நூறு பேர் அரங்குக்கு மாறியிருப்பீர்கள். பழைய ஜி.பி.ஏ. கூட வராது, யூ.சி.யில் புதுக்கணக்கு. முதல் குவார்ட்டரில் சறுக்கினால் தாங்கிப்பிடிக்கப் பழைய 'ஏ'க்கள் இருக்காது. ஸ்காலர்ஷிப்புக்கோ குறைந்தபட்ச ஜி.பி.ஏ. நிபந்தனை இருக்கும்.

முதல் குவார்ட்டரில் கனமான துறைப்பாடம் இரண்டு, லேசான பொதுப்பாடம் ஒன்று என்று எடுங்கள். பொதுப்பாடத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். நிதியுதவி நிபந்தனையில் "ஒரு குவார்ட்டர் அவகாசம்" போன்ற விதி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

கோடை விடுமுறையில் என்ன செய்யலாம்?

கம்யூனிட்டி காலேஜில் படிக்கும்போதே ஆராய்ச்சி செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. என்.எஸ்.எஃப். நிதியில் நடக்கும் ஆர்.இ.யூ. திட்டங்களில் ஏறத்தாழ பத்து வாரம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையோடு. எரிசக்தித் துறை தன் தேசிய ஆய்வகங்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

வேறு மாநிலத்தில் இருக்கிறோம்.

பெயர்கள் மாறும், தர்க்கம் ஒன்றே. ஃப்ளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாட எண் முறை உண்டு. வர்ஜீனியாவில் நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'அட்வான்ஸ்' என்ற பாதை நடத்துகின்றன. அந்தந்த மாநிலத்தின் ஒப்பந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே தேடி எடுங்கள். எஸ்-ஸ்டெம்மும் குக்கும் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது, இதெல்லாம் எதுவும் தெரியாது. நாளை எங்கே போவது?

உங்கள் காலேஜில் 'மேசா' இருக்கிறதா பாருங்கள். 1970இல் ஓக்லாண்டில் ஒரு பள்ளியில் தொடங்கிய திட்டம், இப்போது கலிஃபோர்னியாவின் பல கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கிறது. கணிதம், பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கானது, குறிப்பாக வசதி குறைந்தவர்களுக்கும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவர்களுக்கும். எங்கள் கட்டடத்தில் அது ஒரு சாதாரண அறை. மூன்று பக்கம் வெள்ளைப் பலகை, ஒரு மைக்ரோவேவ், யாரோ விட்டுப்போன இயற்பியல் புத்தகங்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகள் முதல் வருடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எஸ்-ஸ்டெம் அறிவிப்பு மின்னஞ்சலில் வருவதற்கு முன்பே அந்தக் கதவில் ஒட்டப்பட்டுவிடும்.

போகும்போது இரண்டு தாள் எடுத்துப் போங்கள்: இதுவரை எடுத்த பாடங்களின் பட்டியல், போகவேண்டிய துறையின் அசிஸ்ட் பட்டியல். நான் சொன்ன அந்தப் பையன் அப்படித்தான் போனான். கால்குலஸ் இயற்பியலை முதலிலிருந்து எடுத்தான், ஒரு வருடம் கூடியது. வாயு விதி பற்றித் திருத்திய கட்டுரையை ஒட்ட இடமில்லாமல் டயர் கடைப் பெண் மைக்ரோவேவ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவன் தினமும் அதைத் திறந்துதான் சாதம் சூடு பண்ணுகிறான்.